வலைச் செயலிக்கு ஓஆர்எம் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வலைச் செயலியை எழுதுபவர் அன்றாடம் கையாள்வது ஆப்ஜெக்ட்டுகளை. இணையவழிப் பயிற்சித் தளம் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதில் மாணவர், ஆசிரியர், பாடம், சேர்க்கை என்ற கிளாஸ்கள் இருக்கும். ஒரு மாணவர் ஒரு பாடத்தில் சேரும்போது சேர்க்கை என்ற ஆப்ஜெக்ட் ஒன்று நினைவகத்தில் உருவாகும். ஆனால் உலாவியிலிருந்து வந்த கோரிக்கைக்குப் பதில் அனுப்பியதும் அந்த ஆப்ஜெக்ட்டின் ஆயுள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதே மாணவரின் அடுத்த கோரிக்கையை வேறொரு சர்வர் கூடக் கையாளலாம் என்பதால், நினைவகத்தில் இருப்பதை நிலையான ஓரிடத்தில் எழுதிவைத்து, வேண்டும்போது ஆப்ஜெக்ட்டாகவே திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. இந்த வேலையை நிலைநிறுத்தல் என்கிறோம். ஆப்ஜெக்ட்டுகளுக்கும் தரவுத்தள அட்டவணைகளுக்கும் இடையே நின்று இதைச் செய்துதரும் கருவிகளே ஓஆர்எம் (ஆப்ஜெக்ட்-ரிலேஷனல் மேப்பர்) என்று சுருக்கமாக அழைக்கப்படுகின்றன.

ஒவ்வொரு மொழியிலும் இத்தகைய கருவிகள் பல உள்ளன. எது வேகமானது, எதில் குறைந்த வரிகளில் வேலை முடிகிறது என்ற கேள்விகளோடுதான் புதியவர்கள் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். ஒரு கருவி எத்தனை வேலைகளைத் தானாகச் செய்கிறது என்பதைவிட, அது நம் சார்பில் தரவுத்தளத்துக்கு என்ன அனுப்புகிறது என்பதை எவ்வளவு எளிதாகப் பார்க்கவும் மாற்றவும் முடிகிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணம் விளங்க, இந்தக் கருவிகள் தீர்க்க முற்படும் சிக்கலை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு உலகங்கள்

தொடர்புநிலைத் தரவுத்தளத்தின் அடிப்படையை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். அந்த மாதிரியில் தகவல்கள் அனைத்தும் அட்டவணைகளின் வரிசைகளாகவே இருக்கும். ஒரு வரிசைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவு, இரண்டிலும் ஒரே மதிப்பு இருப்பதால் மட்டுமே அறியப்படும். சேர்க்கை அட்டவணையில் மாணவர் எண் 17 என்று இருந்தால், அது மாணவர் அட்டவணையில் 17 என்ற எண்ணுடைய வரிசையைக் குறிக்கிறது, அவ்வளவுதான். நினைவகத்தில் அப்படியில்லை. அங்கே சேர்க்கை என்ற ஆப்ஜெக்ட் மாணவர் என்ற ஆப்ஜெக்ட்டை நேரடியாகச் சுட்டும். மாணவரிடமிருந்து அவருடைய சேர்க்கைகளுக்குப் போக வேண்டுமென்றால் எதிர்த்திசையில் இன்னொரு சுட்டு தேவை. அட்டவணையிலோ ஒரே எண்ணைக் கொண்டு இரு திசைகளிலும் தேடலாம்.

மரபுரிமை இன்னும் சிக்கலானது. பாடம் என்ற கிளாஸிலிருந்து வீடியோப் பாடம், நேரடி வகுப்பு என்ற இரண்டு கிளாஸ்களை உருவாக்குவது ஆப்ஜெக்ட் வழி மொழிகளில் ஓரிரு வரி வேலை. அட்டவணையில் இதற்கு நேரான ஏற்பாடு இல்லை என்பதால் கருவிகள் மூன்று வழிகளைத் தருகின்றன. எல்லா வகைகளையும் ஒரே அட்டவணையில் வைத்தால் வினவல் எளிது. ஆனால் வீடியோவின் நீளத்துக்கான புலம் நேரடி வகுப்புகளின் வரிசைகளில் வெறுமையாகக் கிடக்கும், அந்தப் புலம் கட்டாயம் நிரம்பியிருக்க வேண்டும் என்று தரவுத்தளத்திடம் நேரடியாகச் சொல்லவும் முடியாது. பொதுவானவற்றை ஓர் அட்டவணையிலும் வகைக்குரியவற்றைத் தனித்தனி அட்டவணைகளிலும் வைத்தால் தரவு ஒழுங்காக இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அட்டவணைகளை இணைக்க வேண்டும். வகைக்கொரு முழு அட்டவணை வைத்தால், எல்லாப் பாடங்களையும் ஒரே பட்டியலில் காட்டும் பக்கம் அவை அத்தனையையும் தேடித் தொகுக்க வேண்டியிருக்கும். கருவி எதுவானாலும் இந்த இக்கட்டு நீங்காது. எந்த வழிகளை அனுமதிக்கிறது, எதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் வேறுபாடு.

ஆப்ஜெக்ட்டுகளை அப்படியே சேமித்துவிட்டால் என்ன என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். அவ்வாறு செய்யும் தரவுத்தளங்களும் உள்ளன. ஸ்மால்டாக் உலகின் ஜெம்ஸ்டோன், பைத்தான் உலகில் ஜோப் என்ற வலைச் செயலிச் சர்வருடன் வளர்ந்த இசட்ஓடிபி ஆகியவை அந்த வகை. புளோன் என்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்பு இசட்ஓடிபியின் மேல்தான் இயங்குகிறது. அட்டவணையாக மாற்றும் வேலையே இல்லாததால் தொடக்கத்தில் இவை மிக இலகுவாகத் தெரியும். ஆனால் அந்தத் தரவை, அதை எழுதிய கிளாஸ்களின் துணையில்லாமல் படிப்பது கடினம். வேறு மொழியில் எழுதிய அறிக்கைக் கருவியால் நேரடியாக வினவ முடியாது. ஒரு கிளாஸின் பெயரை மாற்றுவதே சேமித்த தரவைப் பாதிக்கும் காரியமாகிவிடும். தரவு பெரும்பாலும் செயலியைவிட நீண்ட காலம் வாழ்கிறது என்பதால், தரவை அட்டவணையில் வைத்துவிட்டு இடையே ஒரு பெயர்ப்புக் கருவியை நிறுத்தும் வழியே பரவலானது. ஸ்மால்டாக்கில் தொடங்கிப் பின்னர் ஜாவாவுக்கு வந்த டாப்லிங்க் 1990களிலேயே இதைச் செய்தது. கேவின் கிங் 2001இல் தொடங்கிய ஹைபர்னேட் இதை ஜாவா உலகில் எங்கும் கொண்டுசென்றது. 2006இல் ஜாவாவின் இத்தகைய கருவிகளுக்கு ஜேபிஏ என்ற பொது வரையறையும் வந்தது.

கருவிகளின் வகைகள்

மிக மெல்லிய வகையில், தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கவும் மாற்றவும் பயன்படும் மொழியான எஸ்க்யூஎல்லில் வினவலை நாமே எழுதுவோம். திரும்பிவரும் வரிசைகளை ஆப்ஜெக்ட்டுகளாக நிரப்பித்தருவது மட்டும் கருவியின் வேலை. டாட்நெட்டில் டாப்பர், ஜாவாவில் மைபாட்டிஸ் ஆகியவை இப்படிப்பட்டவை. அடுத்த படியில் வினவலை மொழியின் சொந்த அமைப்புகளைக் கொண்டே கட்ட உதவும் கருவிகள் வருகின்றன. ஜாவாவின் ஜூக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஸ்க்யூஎல் நன்கு தெரிந்த குழுவுக்கு இவ்விரண்டும் போதுமானவையாக இருக்கலாம், அதில் குறைவு ஏதுமில்லை.

முழுமையான ஓஆர்எம் கருவிகள் இரண்டு மரபுகளாகப் பிரிகின்றன. இவற்றுக்கு மென்பொருள் வடிவமைப்பு நூலாசிரியர் மார்ட்டின் ஃபவுலர் 2002இல் நிலைபெறச் செய்த பெயர்களே இன்றும் வழங்குகின்றன: ஆக்டிவ் ரெக்கார்ட், டேட்டா மேப்பர்.

ஆக்டிவ் ரெக்கார்ட் மரபில் ஒரு கிளாஸ் ஓர் அட்டவணையையும், ஓர் ஆப்ஜெக்ட் ஒரு வரிசையையும் குறிக்கும். தன்னைச் சேமித்துக்கொள்ளும் வழியும் அந்த ஆப்ஜெக்ட்டிடமே இருக்கும். ரூபி மொழியின் ரூபி ஆன் ரெயில்ஸ், பைத்தானின் ஜாங்கோ ஆகிய வலை ஃபிரேம்வொர்க்குகளின் ஓஆர்எம்களும், பிஎச்பியின் லாராவெல்லில் வரும் எலோக்குவென்ட்டும் இந்த வழியில் செல்கின்றன. மாணவரின் பெயரை மாற்றி, சேவ் என்று அழைத்தால் தரவுத்தளத்தில் மாறிவிடும், அழைக்காவிட்டால் மாறாது. கற்றுக்கொள்ள இதைவிட எளிதான மரபு இல்லை.

எளிமையின் அடியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஜாங்கோவில் ஏற்கெனவே உள்ள ஒரு வரிசையைச் சேவ் செய்தால், எந்தப் புலங்கள் என்று நாம் குறிப்பிடாதவரை, மாறாத புலங்களும் சேர்ந்தே எழுதப்படும். இரண்டு கோரிக்கைகள் ஒரே மாணவரின் வரிசையை ஒரே நேரத்தில் படித்து, ஒன்று மின்னஞ்சலையும் மற்றொன்று தொலைபேசி எண்ணையும் மாற்றினால், பின்னால் எழுதியது முன்னால் எழுதியதன் மாற்றத்தைப் பழைய மதிப்பால் அழித்துவிடக்கூடும். ரெயில்ஸோ எந்தப் புலங்கள் மாறின என்று கணக்கு வைத்து அவற்றை மட்டுமே புதுப்பிக்கிறது. ஒரே மரபைச் சேர்ந்த இரண்டு கருவிகள், ஒரே பெயருள்ள ஒரே செயலில் இவ்வளவு வேறுபடுகின்றன. ஒப்பீட்டுப் பட்டியல்களில் இந்த வேறுபாடு எளிதில் தென்படாது. அனுப்பப்படும் எஸ்க்யூஎல்லைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

டேட்டா மேப்பர் மரபில் ஆப்ஜெக்ட்டுக்குத் தரவுத்தளத்தைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. செஷன் என்றோ என்டிட்டி மேனேஜர் என்றோ அழைக்கப்படும் தனியொரு பகுதி, தன் வழியாக வந்த ஆப்ஜெக்ட்டுகள் அனைத்தையும் கண்காணித்து, பரிவர்த்தனை (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் தரவுத்தளச் செயல்களின் தொகுப்பு) முடியும்போது எவை மாறினவோ அவற்றைத் தக்க வரிசையில் எழுதுகிறது. ஒரே வரிசையை இரண்டு இடங்களில் கேட்டாலும், ஒரே செஷனுக்குள் ஒரே ஆப்ஜெக்ட்டைத்தான் தரும். ஹைபர்னேட், பைத்தானின் எஸ்க்யூஎல்ஆல்கெமி, பிஎச்பியின் டாக்ட்ரின், டாட்நெட்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் ஆகியவற்றில் இந்த வழியைக் காணலாம். செயலியின் விதிகள் பலவாகவும் பின்னிப்பிணைந்தும் இருக்கும்போது இம்மரபு நன்றாகத் தாங்கும்; கிளாஸ்களைத் தரவுத்தளமே இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் புதியவரைத் திகைக்கவைக்கும் ஒரு குணமும் இதற்கு உண்டு. ஹைபர்னேட்டில், பக்கத்தில் அழகாகக் காட்டுவதற்காகப் பரிவர்த்தனைக்குள் ஒரு பெயரைப் பெரிய எழுத்துகளாக மாற்றிவிட்டால், சேமிக்கச் சொல்லி ஒரு வரிகூட எழுதாதபோதும் அந்த மாற்றம் தரவுத்தளத்துக்குப் போய்விடும்.

ஒன்றும் ஐம்பதும்

ஓஆர்எம் பயன்படுத்தும் செயலிகள் மெதுவாவதற்கு மிகவும் பரவலான காரணம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொண்டால் கருவிகளை ஒப்பிடும் கண்ணே மாறிவிடும் என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

ஐம்பது பாடங்களின் பட்டியலை, ஒவ்வொன்றின் ஆசிரியர் பெயரோடு காட்ட வேண்டும். நிரலில் எல்லாப் பாடங்களையும் எடுத்து, ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, பாடத்தின் பெயரையும் அதன் ஆசிரியரின் பெயரையும் அச்சிடுகிறோம். பாடங்களை எடுக்க ஒரு வினவல் போகிறது. அப்போது ஆசிரியர்களின் விவரம் எடுக்கப்படவில்லை. ஆசிரியர் பெயரைத் தொட்ட கணத்தில்தான் கருவி அதை எடுத்துவரப் போகிறது. லேஸி லோடிங் எனப்படும் இந்த வசதியால் ஒன்றோடு ஐம்பது சேர்ந்து 51 வினவல்கள் ஆகின்றன. ஒவ்வொன்றுக்கும் போய்வர 2 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சிறிய பட்டியலுக்கு 102 மில்லிவினாடி காத்திருப்பிலேயே போய்விடும். நிரலில் வினவல் என்ற சொல்லே கண்ணில் படாது. நிரலாளரின் கணினியில் தரவுத்தளமும் அருகிலேயே இருக்கும், பாடங்களும் ஐந்தாறுதான் இருக்கும் என்பதால், உண்மையான பயனர்கள் வரும்வரை இது வெளியே தெரிவதில்லை.

இதற்கான மருந்து ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் உண்டு: எவையெவை சேர்ந்து வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் என்பது ஜாயின் மூலம், அதாவது அட்டவணைகளை இணைத்து, ஒரே வினவலில் எடுக்கும். பிரீஃபெட்ச் ரிலேட்டட் என்பது இரண்டாவது வினவலில் தேவையான எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துப் பொருத்தும். ரெயில்ஸில் இன்குளூட்ஸ், என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் இன்குளூட், எஸ்க்யூஎல்ஆல்கெமியில் ஜாயின்ட்லோட், செலக்ட்இன்லோட் ஆகியவை இதையே செய்கின்றன. ஜாயினும் எல்லா இடத்திலும் நல்லதன்று. ஒரு பாடத்தின் 30 அத்தியாயங்களையும் 200 சேர்க்கைகளையும் ஒரே ஜாயினில் கேட்டால், ஒவ்வொரு அத்தியாயமும் ஒவ்வொரு சேர்க்கையோடும் இணைந்து 6,000 வரிசைகளாகத் திரும்பிவரும். இத்தகைய இடங்களில் தனித்தனி வினவல்களே மேல்.

ஆகவே கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த மருந்து இருக்கிறதா என்று கேட்பதால் பெரிய பயனில்லை. இயல்புநிலையில் கருவி என்ன செய்கிறது, தவறினால் எப்படித் தெரியவரும் என்று கேட்க வேண்டும். ஜாங்கோவும் ரெயில்ஸும் தொட்டதும் தாமாகவே எடுத்துவரும். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் லேஸி லோடிங்கை நாமாக இயக்கினால்தான் அது நடக்கும். ஜேபிஏ வரையறையில் ஒற்றை உறவுகள் இயல்பாகவே உடனடியாக எடுக்கப்படும், தொகுப்புகள் மட்டும் பின்னர் எடுக்கப்படும். ரெயில்ஸின் 6.1 பதிப்பில் வந்த ஸ்ட்ரிக்ட் லோடிங், எஸ்க்யூஎல்ஆல்கெமியின் ரைஸ்லோட் ஆகியவற்றைக் கொண்டு, முன்கூட்டிச் சொல்லாத உறவைத் தொட்டால் பிழை எழும்படி செய்யலாம். தொடக்கநிலையில் உள்ளவர்கள் இத்தகைய கட்டுப்பாட்டை முதல் நாளிலிருந்தே போட்டுக்கொள்வது நல்லது.

லேஸி லோடிங்கோடு இன்னொரு வில்லங்கமும் வருகிறது. செஷன் மூடப்பட்ட பிறகு, பக்கத்தை வரையும் டெம்பிளேட் ஓர் உறவைத் தொட்டால் ஹைபர்னேட் பிழை எழுப்பும். சர்வர் அசிங்க் முறையில் (ஒரு கோரிக்கை காத்திருக்கும்போதே மற்றவற்றைக் கவனிக்கும்படி) எழுதப்பட்டிருந்தால் சிக்கல் வேறு உருவில் வரும்: சாதாரணப் புல அணுகல் போலத் தோன்றும் ஒரு வரி, உள்ளே காத்திருப்பு தேவைப்படும் வேலையாக இருப்பதால், ஜாங்கோவும் எஸ்க்யூஎல்ஆல்கெமியும் அங்கே பிழை தந்து நிறுத்திவிடுகின்றன. அசிங்க் சர்வர்தான் என்று முடிவாகிவிட்டால், கருவியின் ஆவணத்தில் அந்தப் பகுதியை முதலில் படித்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அட்டவணை யாருடைய பொறுப்பு?

அட்டவணையின் அமைப்பை நிரல் தீர்மானிக்கிறதா, அல்லது அது ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டு நிரலுக்குக் கொடுக்கப்படுகிறதா என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

புதிதாகத் தொடங்கும் செயலியில் நிரலே முதலில் வரும். ஜாங்கோ 2014இல் வந்த 1.7 பதிப்பிலிருந்து, கிளாஸ்களில் செய்த மாற்றங்களைத் தானே கண்டறிந்து, அட்டவணைகளை அதற்கேற்ப மாற்றும் மைக்ரேஷன் கோப்புகளை எழுதித்தருகிறது. எஸ்க்யூஎல்ஆல்கெமிக்கு அலெம்பிக் அதே உதவியைச் செய்கிறது. ரெயில்ஸில் நடப்பது தலைகீழ்: மைக்ரேஷனை நாம் எழுதுகிறோம், கிளாஸ் தன் புலங்களை அட்டவணையைப் பார்த்தே அறிந்துகொள்கிறது. தானே எழுதித்தரும் வசதி நல்லதுதான், ஆனால் புலத்தின் பெயரை மாற்றும்போது அதை நம்பி விட்டுவிடக் கூடாது. பழைய புலம் காணாமல் போய்ப் புதியது வந்திருக்கிறது என்று மட்டுமே ஒப்பிடும் கருவிக்குத் தெரியும். ஜாங்கோ, பெயர்தான் மாறியதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்கிறது. அலெம்பிக் பழையதை நீக்கிப் புதியதைச் சேர்க்கும் கட்டளைகளை எழுதிவைக்கிறது. அதைப் படிக்காமல் இயக்கினால் அந்தப் புலத்தில் இருந்த தரவு போய்விடும்.

வேறு செயலிகளும் பயன்படுத்தும் பழைய தரவுத்தளத்தின் மேல் எழுதுவதானால் நிலைமை வேறு. அங்கே இரண்டு புலங்கள் சேர்ந்து, ஒரு வரிசையை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக இருக்கலாம், பெயர்கள் எந்த மரபுக்கும் அடங்காமல் இருக்கலாம். கூட்டுச் சாவிகளுக்கான ஆதரவு ரெயில்ஸில் 2023இல் 7.1 பதிப்பிலும், ஜாங்கோவில் 2025இல் 5.2 பதிப்பிலும்தான் உள்ளமைந்து வந்தது. ஹைபர்னேட்டும் எஸ்க்யூஎல்ஆல்கெமியும் இவற்றை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றன. இத்தகைய தரவுத்தளத்துக்கு டேட்டா மேப்பர் மரபோ மெல்லிய வகையோதான் பொருந்தும். ஆக்டிவ் ரெக்கார்ட் கருவியை வளைக்கப் போனால் ஒவ்வொரு கிளாஸிலும் விதிவிலக்குகளை எழுதிக்கொண்டிருக்க நேரிடும்.

வேறு சில கவனங்கள்

ஃபிரேம்வொர்க் ஏற்கெனவே முடிவாகியிருந்தால், அதனுடன் வரும் கருவியை வலுவான காரணமின்றி மாற்றாதீர்கள். ஜாங்கோவின் நிர்வாகப் பக்கம், படிவங்கள், உள்நுழைவு ஆகிய மூன்றும் அதன் சொந்த ஓஆர்எம்மை நம்பியே உள்ளன. அதைக் கழற்றினால் ஜாங்கோவை எடுத்ததன் பயனில் பெரும்பகுதி போய்விடும். பைத்தானின் ஃபிளாஸ்க், ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற ஃபிரேம்வொர்க்குகளில் இப்படி ஒன்று உள்ளமைந்து வராது என்பதால், உண்மையான தேர்வு அங்கேதான் இருக்கிறது.

தரவுத்தளத்தைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம் என்பதை ஓஆர்எம்மின் பெரிய சிறப்பாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் செயலியின் தரவுத்தளத்தை மாற்றுவது ஓஆர்எம் இருந்தாலும் பெரிய வேலைதான். நடக்காமலே போகக்கூடிய அந்த நாளுக்காக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தரும் ஜேசன் புலங்கள் போன்ற நல்ல வசதிகளை ஒதுக்கிவைப்பதும் இழப்பே. அவற்றை இயல்பாகப் பயன்படுத்தவிடும் கருவிக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

அறிக்கைகளுக்கான சிக்கலான வினவல்களை எந்த ஓஆர்எம்மிலும் வலிந்து எழுதத் தேவையில்லை. நேரடி எஸ்க்யூஎல் எழுத நல்ல வழி இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது பயனர் தந்த மதிப்பை வினவல் வரியோடு ஒட்டி எழுதாமல், தனியாக அளவுருவாக அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் தன் உள்ளீட்டின் வழியே வினவலையே மாற்றிவிட முடியும்; இந்த எஸ்க்யூஎல் ஊடுருவலிலிருந்து ஓஆர்எம் வைத்திருப்பது மட்டுமே காத்துவிடாது.

ஒரே வரிசையைப் பலர் திருத்தும் செயலிகளில் ஒவ்வொரு திருத்தத்திலும் கூடும் பதிப்பு எண் மூலம் மோதலைக் கண்டறியும் வசதியும் முக்கியம். ஜேபிஏ இதற்கென வெர்ஷன் என்ற குறிப்பைத் தருகிறது. ரெயில்ஸில் லாக் வெர்ஷன் என்ற புலத்தைச் சேர்த்தாலே வேலை செய்யும். ஜாங்கோவில் வரிசையைப் பூட்டிவைக்கும் வழி உண்டே தவிரப் பதிப்பு எண் வசதி உள்ளமைந்து வருவதில்லை.

சோதித்துப் பார்த்தல்

இரண்டு கருவிகளுக்கு இடையே முடிவெடுக்க முடியாவிட்டால், இரண்டிலும் ஒரே சிறு பகுதியை எழுதிப் பாருங்கள். முதல் பக்கத்துப் பயிற்சியை எடுக்க வேண்டாம். அது எல்லாக் கருவியிலும் அழகாகவே இருக்கும். உங்கள் செயலியிலேயே மிகவும் சிக்கலான பக்கத்தை எடுங்கள்: பல அட்டவணைகளிலிருந்து திரட்டி, வடிகட்டி, பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டும் ஒன்று இருக்கும். அதில் சில ஆயிரம் மாதிரி வரிசைகளை நிரப்புங்கள். பிறகு எஸ்க்யூஎல் பதிவை இயக்குங்கள். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் எக்கோ, ஹைபர்னேட்டில் ஷோ எஸ்க்யூஎல் என்ற அமைப்புகள் இதற்குண்டு, ரெயில்ஸ் உருவாக்கச் சூழலில் தானாகவே காட்டிவிடும். ஒரு பக்கத்துக்கு எத்தனை வினவல்கள் போகின்றன, அவற்றை உங்களால் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா, ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் நிரலில் எந்த வரியைத் தொட வேண்டும் என்று தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு புலத்தின் பெயரை மாற்றி, மைக்ரேஷன் எழுதி, முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு கருவிகளும் இதில் ஒன்றுபோலவே தேறினால், குழுவில் யாருக்காவது ஏற்கெனவே பழக்கமான கருவியை எடுத்துக்கொள்ளலாம்.